என் கூடையில் விழுந்த பதினொரு கிலோ

போன மாதம் எனக்குப் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள கூடத்தில் மீகூன் சேமியா, கோழி வறுவல், கியா பார்ம் சந்தையிலிருந்து வாங்கி வந்த ஸ்ட்ராபெரி வைத்த கேக். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கவிதா ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க கொழுந்து வெட்டத்தானே சேந்தீங்க? அப்புறம் எப்படித் தராசுக்கு வந்தீங்க?"

"என் கூடையில அடுத்தவங்க கொழுந்து இருந்துச்சு. அதனால வந்தேன்" என்றேன்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். திருடி அகப்பட்டவளைத் தராசுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குள் மேனேஜர் கேக் வெட்ட வந்துவிட்டார். கதை பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேல் தட்டிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். நான் எழுதி வைக்காத நாள் கிடையாது. வேண்டிய பக்கம் உடனே கிடைத்தது. கவிதாவுக்கும் மற்றவர்களுக்கும் முழுவதையும் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

இப்போது எடை மேடையில் மின்தராசு வந்துவிட்டது. கூடையை வைத்து அட்டையைத் தொட்டால் எண் தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. யாரும் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது வாயால் எண் சொல்லிய காலம்.

பதினேழு வயதில் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தேன். முதல் வருடம் கையால் கிள்ளினேன். இரண்டாம் வருடம் கத்திரி கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை. இரண்டு நிரை, அதாவது செடி வரிசை, தள்ளி நின்று மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோட்டத்துக் கத்திரி வீட்டுக் கத்திரியைப் போலல்ல. இரண்டு கைகளாலும் பிடிப்பது. கீழ் அலகில் ஒரு தட்டு பொருத்தியிருக்கும். செடியின் மேல்மட்டத்தை ஒட்டி வெட்ட வெட்டக் கொழுந்து அந்தத் தட்டில் சேரும். தட்டு நிறைந்ததும் ஒரே வீச்சில் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் போட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நேரம் போகும். நான் போடும் தட்டுகளை எண்ணுவேன். மூன்று தட்டுக்கு ஒரு கிலோ. எடைக்கு அழைக்கும் நேரத்துக்குள் கூடைக்கு எழுபத்திரண்டு தட்டு போட்டிருப்பேன்; அதற்கு மேலும் கூடையில் இடம் இருக்கும். இருபத்து நான்கு கிலோ. ஒரு நாளைக்கு மூன்று கூடை. ஒவ்வொரு கூடைக்கும் எத்தனை தட்டு, எத்தனை கிலோ என்று பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன நோட்டில் குறித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். சாயங்காலம் அது டைரிக்குப் போகும். கேலி செய்வார்கள். கணக்குக்காரி என்றே எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

எங்களுக்குக் கிராணி, அதாவது எடை பார்த்துக் கணக்கெழுதுபவர், சண்முகம். ஒல்லியான மனிதர். மழையோ வெயிலோ, கறுப்புக் குடை கையில் இருக்கும். காலையில் பத்துக் கிலோ இரும்புக் கட்டியைத் தராசில் மாட்டி முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். இரண்டு ஆட்கள் கம்பைத் தோளில் தூக்க, நடுவில் தராசு தொங்கும். கூடையை மாட்டுவார்கள். கிராணி முள்ளை இரண்டு முறை பார்ப்பார். கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார். எண்ணை உரக்கச் சொல்லுவார். கூடைக்காரி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் பேனா புத்தகத்தில் இறங்கும். எண்ணைத் திருப்பிச் சொன்னவளுக்கே கொழுந்து சொந்தம். பிறகு யாரும் பேச முடியாது. எத்தனை அவசரமாக இருந்தாலும் இந்த ஒழுங்கை அவர் மாற்றியதில்லை.

பெண்களிடம் எண்ணைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். கூச்சம். ஆனாலும் யார் உண்டாகியிருக்கிறாள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். புத்தகம் சொல்லிவிடும். கல்யாணமான இளம்பெண்ணின் எடை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால், மூன்றாம் வாரம் அவள் பெயரை நாற்றுமேடைப் பட்டியலில் எழுதிவிடுவார். நாற்றுமேடை சமதரை. உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பும் வேலை. ஏன் என்று அவர் கேட்கமாட்டார், இன்னதென்று அவளும் சொல்லமாட்டாள். இரண்டு பக்கமும் மானம் காப்பாற்றப்பட்டுவிடும். எங்கள் தோட்டத்தில் அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு முதல் குழந்தை தங்கவில்லை. மூன்றாம் மாதமே பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நாற்றுமேடைக்குப் போக எடை இன்னும் இறங்கவில்லை. நான்காம் மாதம் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் காலை வைத்த இடம் சரிந்து, கூடையோடு எட்டு நிரை கீழே உருண்டேன். ஒன்பதாம் நம்பர் எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தான இடம். மழை பெய்தால் மண் சோப்பு மாதிரி இருக்கும். அந்த வாரத்து டைரியில் எடை இல்லை. வெறும் தேதிகள்தான் இருக்கின்றன.

இரண்டாவது முறை உண்டானபோது என் வீட்டுக்காரர் முருகையாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அவசரப்பட்டுச் சொன்னதால்தான் போன தடவை தங்கவில்லை என்று நினைத்து, வயிறு தானே சொல்லும்வரை நான் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஆனால் வேலை நிற்கவில்லையே. தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றடித்தால் வாடும் இலையின் வாசம் வரும். அதுவரை எனக்குப் பிடித்த வாசம். இப்போது குடலைப் புரட்டியது. இஞ்சித் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெட்டினேன். கத்திரியின் பிடி வயிற்றில் இடிக்கத் தொடங்கியதும் செடிக்குப் பக்கவாட்டில் நின்று வெட்டப் பழகினேன். சரிவில் இறங்கும்போது குறுக்காக, ஒரு கை செடியிலும் ஒரு கை இடுப்பிலுமாக இறங்கினேன். குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியவில்லை. காய்கறி லோரி ஓட்டும் முருகையா விடியற்காலையில் கிளம்புமுன் என் இரண்டு பூட்ஸையும் கட்டிவிட்டுத்தான் போவார்.

தட்டு எண்ணிக்கை இறங்கியது. அறுபத்தாறு, அறுபத்து நான்கு. எடையும் இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று இறங்கியது. எனக்குச் சந்தோஷம். இன்னும் இரண்டு வாரம் இப்படியே இறங்கினால் கிராணி என் பெயரை நாற்றுமேடைக்கு எழுதிவிடுவார்.

அங்கேதான் கணக்கு புரண்டது. ஐந்தாம் மாதம் பிறந்ததும் டைரியில் இப்படி இருக்கிறது: தட்டு அறுபது, எடை இருபத்தாறு. தட்டு ஐம்பத்தெட்டு, எடை இருபத்தேழு. தட்டு ஐம்பத்தைந்து, எடை இருபத்தொன்பது. இலை ஈரமோ என்று நினைத்தேன். மழையே இல்லாத நாளிலும் அப்படித்தான் வந்தது. தராசோ என்றால் காலையில் இரும்புக் கட்டி சரியாகத்தான் நின்றது. என் முதுகும் வலித்தது, கூடை பாறை போலக் கனத்தது. கர்ப்பத்தில் எல்லாம் கனமாகத்தான் தெரியும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கிராணி ஒரு பட்டியல் வாசித்தார். திங்கள் முதல் ஒன்பதாம் நம்பரில் வெட்டு. கடைசி இரண்டு வாரத்தில் அதிக எடை வெட்டிய பன்னிரண்டு பேர் அங்கே போக வேண்டும். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அதுவரை ஐந்தாம் இடத்துக்கு மேல் நான் வந்ததே கிடையாது.

அன்று மத்தியானம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தேன். என் கத்திரியை ஞாயிறுதோறும் அரம் போட்டுத் தீட்டுபவள் நான். என் வெட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். கையில் வந்த இலையில் பாதி கிழிந்து ஓரம் கறுத்திருந்தது. அது மொட்டைக் கத்திரி. இன்னொரு பிடி எடுத்தேன். முற்றிய காம்பு நீளமாக நின்றது. ஆழமாக வெட்டும் கை. இன்னொன்றில் வெறும் நுனி மட்டும். சரிந்த வெட்டு ஒன்று. என்னுடையதைத் தவிர இன்னும் நான்கு கத்திரிகளின் வெட்டு என் கூடையில் இருந்தது.

என்னோடு நிரை பிடித்தவர்கள் நால்வர். பாக்கியம் அக்கா, ராசம்மா, தேவகி, சரசு. யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் பூட்ஸ் கயிற்றில் முருகையா போட்ட முடிச்சைப் பார்த்திருக்கிறார்கள், இஞ்சியைப் பார்த்திருக்கிறார்கள். கூடையில் சீக்கிரம் கொழுந்து சேர்ந்தால் இவள் கொஞ்ச நேரம் உட்காருவாள் என்று நினைத்து, என்னைக் கடந்து போகும்போதெல்லாம் பின்னாலிருந்து தங்கள் தட்டைக் கவிழ்த்திருக்கிறார்கள். நானோ திரும்பிப் பார்க்காமல், உட்காராமல் வெட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். எனக்கு உதவுவதாக நினைத்து என் முதுகிலேயே பாரத்தை ஏற்றிவிட்டார்கள். புத்தகத்தில் என்னைத் தோட்டத்திலேயே பலசாலி ஆக்கி, ஒன்பதாம் நம்பருக்கு வழியனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் முருகையாவிடம் கணக்கைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என் வயிற்றைப் பார்த்தார்.

"கிராணிக்கிட்ட நான் போயி சொல்லட்டா?"

"வேணாம். ஆம்பளைங்க பேசுற விசயமா இது?"

"அப்ப திங்கக்கெழம இத ஒம்பதாம் நம்பருக்குத் தூக்கிட்டுப் போவியா? போன தடவ பத்தலையா?"

நோட்டை மூடி வைத்தேன். நால்வரையும் கூப்பிட்டு இனிமேல் போடாதீர்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் எழுதிய இரண்டு வாரத்தை யார் அழிப்பது? அதைக் கிராணி மட்டும்தான் செய்ய முடியும். கிராணியிடம் சொன்னால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அடுத்தவர் கூடையில் கொழுந்து போடுவது குற்றம், ஒரு வாரம் வேலை கிடையாது. திங்கட்கிழமைக்கு முன்னால் எனக்கு இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

சனிக்கிழமை முதல் கூடைக்கு ஐம்பத்து நான்கு தட்டு போட்டேன். எண்ணியது சரிதானா என்று வாயால் சொல்லிச் சொல்லி எண்ணினேன். என் கணக்குப்படி பதினெட்டுக் கிலோ. அன்று காதைத் தீட்டி வைத்திருந்ததால் முதுகுக்குப் பின்னால் சரக் சரக்கென்று விழுவதும் கேட்டது. திரும்பவில்லை.

எடை மேடையில் என் முறை வந்தது. கூடையை மாட்டினார்கள். கிராணி முள்ளை இரண்டு முறை பார்த்தார்.

"இருபத்தொம்பது."

நான் வாயைத் திறக்கவில்லை.

"இருபத்தொம்பது" என்றார் மறுபடியும். "திருப்பிச் சொல்லும்மா."

"பதினெட்டு" என்றேன்.

கம்பு தூக்கியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். எடை குறைத்துப் போட்டுவிட்டதாகச் சண்டை பிடிப்பவர்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முள்ளை மூன்றாம் முறை பார்த்தார். அவர் மூன்றாம் முறை பார்த்து அன்றுதான் நான் கண்டேன்.

"தராசு சரியாத்தான் இருக்கு."

"தராசு சரிதான் கிராணி. கொழுந்துதான் முழுசும் என்னோடது இல்ல."

இடுப்பிலிருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். கூடையை இறக்கச் சொல்லி, சாக்கை விரித்து, மேலிருந்து ஐந்து பிடி எடுத்துத் தனித்தனியாக வைத்தேன். இது என் வெட்டு. இது கிழிசல். இது காம்பு. இது நுனி. இது சரிவு. ஐந்தும் ஐந்து விதமாகத் தெளிவாகக் கிடந்தன. கிராணி குடையை மடக்கிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு எல்லார் கத்திரியும் தெரியும். பெயர் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தட்டு எத்தனைன்னு தெனமும் எழுதுவியா?"

"ஆமா கிராணி. மூணு தட்டுக்கு ஒரு கிலோ."

"யார் போட்டது?"

"என் முதுகுக்குக் கண்ணு இல்ல கிராணி."

பின்னால் யாரோ கிளுக்கென்றார்கள். கிராணி விடவில்லை.

"சரி. ஏன் போட்டாங்க?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் தயாராக வரவில்லை. கம்புக்காரர்கள், லோரிக்காரர், நாற்பது பெண்கள், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வரிசைக்குள்ளிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது.

"அது இன்னும் நாலு மாசத்துல தானே வந்து சொல்லும் கிராணி."

கிராணியின் காது இரண்டும் சிவந்தன. பேனாவை மூடினார், திறந்தார். சட்டைப் பையிலிருந்து ஒன்பதாம் நம்பர் பட்டியலை எடுத்து முதல் பெயரை ஒரே கோடாக அடித்தார். பிறகு கம்புக்காரர்களைப் பார்த்து, பதினெட்டு வரும்வரை கூடையிலிருந்து எடுங்கள் என்றார். பிடி பிடியாக எடுத்தார்கள். முள் இறங்கி நின்றது.

"பதினெட்டு."

"பதினெட்டு" என்றேன். அந்த எண்ணை அதுவரை யாரும் அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சாக்கில் மீதி கிடந்தது. அதையும் ஒரு காலிக் கூடையில் போட்டு மாட்டச் சொன்னார்.

"பதினொண்ணு" என்றார் கிராணி. யாரையும் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தார். "கொழுந்துன்னு இருந்தா ஆள் இருக்கணும். யாரோடதோ அவங்க திருப்பிச் சொல்லணும்."

"பதினொண்ணு."

நான்கு குரல்கள், ஒரே நேரத்தில். சொல்லி முடித்ததும் நால்வரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்களே, அந்த முகங்களை நான் எப்படி எழுதுவது? தான் ஒருத்திதான் போடுகிறோம் என்று நால்வரும் நினைத்திருக்கிறார்கள். ஒரு நிரைக்கு இரண்டு தட்டு, யாருக்கும் தெரியாமல். அதனால்தான் அளவு மீறிவிட்டது.

"நீயுமாடி?" என்றார் பாக்கியம் அக்கா சரசுவிடம்.

"நீங்க போடுறீங்கன்னு தெரிஞ்சா நான் ஏன் போடப் போறேன்?" என்றாள் சரசு.

மேடையே சிரித்தது. கிராணி மட்டும் சிரிக்கவில்லை. பதினொன்றை நால்வருக்கும் பிரித்து எழுதினார். கைமாற்றியதற்குத் தண்டனையாக ஒரு வாரம் நிறுத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "இவ்வளவு கொழுந்து மிச்சம் இருக்கிறவங்க ஒம்பதாம் நம்பருக்குப் போகட்டும்" என்றார். அவ்வளவுதான். நான்கு பெயர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் நாற்றுமேடையில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்பினேன். எதிர்ச் சரிவில் நால்வரும் குரங்கு மாதிரித் தொற்றிக்கொண்டு வெட்டுவது அங்கிருந்தே தெரியும். சாயங்காலம் நாற்றுமேடை வழியாக இறங்கும்போது பாக்கியம் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னால என் கால் போச்சுடி கணக்குக்காரி, புள்ள பொறந்ததும் அதுதான் எனக்குக் கால் அமுக்கணும்" என்று திட்டிவிட்டுப் போவார். தினமும் திட்டுவார். நான் தினமும் காத்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துக் கிராணி ஆள் அனுப்பினார். எடை மேடையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. கூடைகளில் முற்றல் இருக்கிறதா, கை மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். "இலைய வெச்சு ஆளச் சொல்ற கண்ணு எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்று முனகினார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. பிரசவத்துக்குப் பிறகும் அந்த ஸ்டூலுக்கே திரும்பினேன். பிறகு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆனேன். என் கையில் புத்தகம் வந்த அன்றே ஒன்றை மாற்றினேன். எடை இறங்கும்வரை எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டாம், என் காதில் ஒரு வார்த்தை போதும், மறுநாளே நாற்றுமேடை. போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது. கவிதா, இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்ல ஆபீசில் ஒரு காது வேண்டும். மின்தராசுக்குக் காது கிடையாது. அந்தக் காது உன்னுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. என் மகள் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி அவளைத் துணியோடு சேர்த்துத் தராசில் வைத்தார். நான் கட்டிலில் இருந்தபடியே, துணியை எடுத்துவிட்டு நிறுக்கச் சொன்னேன். கூடை கழிக்காமல் எடை எழுதலாமா? மிஸ்ஸி சிரித்துக்கொண்டே துணியை எடுத்து, மலாயில் எண்ணைச் சொன்னார். நான் பழக்கத்தில் திருப்பிச் சொன்னேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் முருகையாவின் லோரியில், கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நால்வரும் வந்து இறங்கினார்கள். பாக்கியம் அக்கா குழந்தையை வாங்கி, கூடையைத் தூக்கிப் பார்ப்பதுபோல லேசாக மேலே தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"மூணு புள்ளி ஒண்ணு" என்றேன்.

அங்கே கிராணி இல்லை, புத்தகம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நால்வரும் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள்.